ஆவுடை ஊற்றிய எண்ணெய்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையில், ஒரு தகரக் கூரைப் பட்டறையில், கார்புரேட்டருக்கென்றே ஒரு குரு இருந்தார். பெயர் இஞ்ஞாசி. தாடி கிடையாது, தியானம் கிடையாது. காக்கி அரை டிராயர், கைவைத்த பனியன், காதில் ஒரு செம்புக் கம்பி. அடைத்துக்கொண்ட துளைகளைக் குத்திப் பார்க்க அந்தக் கம்பி.

அந்த ஊர்க் காற்றில் உப்பு உண்டு. ஒரு வண்டியை நாலு மாதம் சும்மா நிறுத்தி வைத்தால் போதும், அது தானாகவே கெட்டுப்போகக் கற்றுக்கொள்ளும். அப்படிக் கெட்டவை கடைசியில் இஞ்ஞாசியிடம் வந்து சேரும். தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்களும் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் மனிதருக்கு இல்லாததால் பலர் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

கடைசியாக வந்து சேர்ந்த சீடன் குருவைவிட இரண்டு வயது மூத்தவர். பெயர் மாசானம். ஒரு காலத்தில் பழைய துறைமுகம் டாக்சி ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மாசானம் துண்டில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் வந்தார்.

"ஏல இஞ்ஞாசி, இத எப்படிப் பிரிக்கதுன்னு சொல்லு."

"வச்சிட்டுப் போ. சாயங்காலம் வந்து வாங்கிக்க."

"நீ தொடக்கூடாது. நீ சொல்லு, நான் செய்யுதேன்."

இஞ்ஞாசி கையைத் துடைத்துக்கொண்டு துண்டை விலக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பழைய அம்பாசடர் காரின் கார்புரேட்டர். உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. எந்தப் பாகமும் எந்தப் பாகத்தையும் விடுவதாக இல்லை.

அது எந்த வண்டியுடையது என்று அவர் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். மாசானத்தின் மனைவி ஆவுடை இறந்துபோய், காரியம் முடிந்த அன்றைக்கு, மாசானம் தன் வெள்ளை அம்பாசடரை வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். அதோடு சரி. எட்டொன்பது வருசமாக அது அங்கேயே நின்றது. தார்ப்பாயைக்கூட வேறு ஆள் தொட விடமாட்டார்.

இப்போது அந்தக் கொட்டகையை இடிக்க வேண்டியிருந்தது. மகன் ஈஸ்வரன் கெட்ட பிள்ளை இல்லை. பிள்ளைகள் படிக்க ஓர் அறை வேண்டும், கட்ட வேறு இடம் கிடையாது. "ஓடுச்சுன்னா வாசல்ல நிறுத்திக்கிடுங்கப்பா. ஓடலைன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்ருவோம்" என்று சொல்லி, புது பேட்டரியும் அவனே வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரர் வருவதாகப் பேச்சு.

மாசானம் தன் கையாலேயே டாங்கைக் கழுவினார், பிளக் மாற்றினார். இன்ஜின் சுற்றியது. கார்புரேட்டர் மட்டும் கல்லாய்க் கிடந்தது.

"சொல்லித் தாரேன்" என்றார் இஞ்ஞாசி. "ரெண்டே ரெண்டு சட்டந்தான். பட்டறைக்குள்ள சுத்தியல் கிடையாது. 'ஏல'யும் கிடையாது."

"பெறகு உன்ன எப்படிக் கூப்பிட?"

"மத்தவங்க எப்படிக் கூப்பிடுதாங்க?"

"அண்ணாச்சிங்காங்க. நான் உனக்கு மூத்தவம்லா?"

"அப்போ துண்டச் சுத்தி எடுத்துட்டுப் போ."

மாசானம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி, "சரி... அண்ணாச்சி" என்றார்.

இஞ்ஞாசிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். வாலிபத்தில் இதே உப்பளச் சாலையில், இதே மாசானத்திடம்தான் அவர் கார் ஓட்டப் பழகினார். கியர் தப்பினால் பின்மண்டையில் ஒரு தட்டு. கிளட்சை விட்டால் இன்னொரு தட்டு. கடைசியில் ஒருநாள் வண்டியை உப்புப் பாத்திக்குள் இறக்கிவிட்டு, ஓட்டுகிற ஆசையையே விட்டு, பானட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

"இதுல எதெல்லாம் சிக்கியிருக்கு?" என்று குரு கேட்டார்.

"எல்லாந்தான்."

"எது அசையுதுன்னு பாத்துச் சொல்லு."

"ஒண்ணும் அசையலங்கேன்லா!"

"திருகாத. தட்டாத. சும்மா விரல வச்சுப் பாரு."

மாசானம் பகல் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாக, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டு இருந்தார். போகிற வருகிற டிரைவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, அரிசி பொறுக்குதீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாசானம் பல்லைக் கடித்துக்கொண்டார். சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில் தலையை நிமிர்த்தினார்.

"ஆக்சிலேட்டர் லிவர்ல ஒரு நடுக்கம் இருக்க மாதிரி தெரியுது. ஆனா அத அசையுததுன்னு சொல்ல முடியாது, அண்ணாச்சி. மயிரிழைதான்."

"அது போதும். அதுல ஒரு சொட்டு டீசல் வையி. அந்தப் பக்கம் ஒரு மயிரிழை, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. அதுக்கு மேல போகாத."

"எவ்வளவு நேரம்?"

இஞ்ஞாசி டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் முழுக்க அந்தப் பக்கம், இந்தப் பக்கம். அதற்கடுத்த நாளும் அப்படியே. டீசல் கறுப்பாகக் கசிந்தது, பிறகு பழுப்பானது, பிறகு வெள்ளைப் பொடியைக் கரைத்துக்கொண்டு வந்தது. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லிவர் முழுசாகத் திரும்பியது. மாசானம் அதைத் திருப்பினார், விட்டார், திருப்பினார், விட்டார். சாப்பிடவே போகவில்லை.

"பாலம் போச்சு, டோல்கேட்டு போச்சு" என்று இஞ்ஞாசி சொன்னார். "நீ ஓட்டுத வேகத்துக்கு இன்னேரம் மதுரையே வந்திருக்கும். கீழ வையி."

மாசானம் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து வெகுகாலமாயிற்று.

ஆனால் பெரிய வேலை இனிமேல்தான். அந்த மாதிரிக் கார்புரேட்டரின் தலையில், சின்னச் செம்பைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு மூடி இருக்கும். அதற்குள் ஒரு பிஸ்டன். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது மேலே எழும்பும், விட்டால் மெதுவாகக் கீழே இறங்கும். அதன் அடியில் தையல் ஊசி மாதிரி ஓர் ஊசி. அந்த ஊசி வளைந்தால் கார்புரேட்டர் அவ்வளவுதான். மாசானத்தின் கார்புரேட்டரில் செம்பும் பிஸ்டனும் ஒரே உலோகமாக வார்த்தது போல் பிடித்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை முழுக்க டீசல் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் அசையவில்லை.

அது மாதத்தின் முதல் வெள்ளி. இஞ்ஞாசி பூசைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மாசானம், மூடியின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசி சத்தம் போடவில்லை.

"அது சின்னச் சுத்தியல். பெருசு ஒண்ணு அவன்கிட்டயே இருக்கு. வாங்கியாரட்டுமா?"

ஓங்கின கை நின்றது.

"ரெண்டு அடி போதும். ஊசி வளைஞ்சிரும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே எடைக்குப் போட்ரலாம்."

"ஏல, உனக்கென்னல!" என்று மாசானம் கத்தினார். "உனக்கு இது இன்னொரு சாமான். அவ உக்காந்து வந்த வண்டில்லா அது! முன்னால, இடது பக்கம். நாளக்கழிச்சு ஒருத்தன் வந்து அத அறுத்து, குப்ப வண்டியில ஏத்துத மாதிரி ஏத்திட்டுப் போவான். நான் பாத்துட்டு நிக்கணுமா?"

சுத்தியலைத் தூரப் போட்டார். அப்படியே டயர் மேல் உட்கார்ந்து அழுதார். அறுபத்தாறு வயது மனிதர் அழுவதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. இஞ்ஞாசி வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே வரப் பார்த்த ஒரு ஆட்டோக்காரரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பினார்.

அழுகை ஓய்ந்ததும் வந்து பக்கத்தில் குந்தினார்.

"தலையில ஒரு சின்ன மரை மூடி இருக்கே, எண்ணெய் ஊத்துத இடம். அதத் திறந்தியா?"

"அதுல என்ன கிடக்கு? ஒரு கரண்டி எண்ணெய் ஊத்துத தொளை."

"திற."

மாசானம் துண்டு முனையால் பிடித்து அந்த மூடியைத் திருகினார். முதலில் வழுக்கியது. பிறகு சன்னமாக ஒரு முனகல் கேட்டது. மூடி வந்தது. அதோடு ஒட்டியிருந்த கம்பி மேலே வர வர, பின்னாலேயே கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக ஒன்று நூல் பிடித்துக்கொண்டு வந்தது.

வாசனை அதற்கப்புறம்தான் வந்தது.

சிக்கு அடித்த பழைய வாசனைதான். ஆனாலும் அடியில் தெளிவாக இருந்தது: காய்ச்சிய தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம். அந்த டீசல் பட்டறைக்குள் யாரோ தலைவாரிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

மாசானம் குனிந்து மோந்தார்.

"இது ஆவுடை காய்ச்சுன எண்ணெய்" என்றார்.

"தலைக்கு ஊத்துததயா இதுல ஊத்துன?"

"நான் ஊத்தல. அவ."

மாசானம் தானாகவே சொன்னார்.

கல்யாணமாகி இரண்டாம் வருசம். ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் குடும்பத்துக்குக் கொடைக்கானல் சவாரி. முன்சீட்டில் இடம் இருந்ததால் ஆவுடையையும் கூட்டிக்கொண்டு போனார். வத்தலக்குண்டு தாண்டியதும் வண்டி இழுக்காமல் முக்கியது. திறந்து பார்த்தால் இந்தத் தொளையில் எண்ணெய் வற்றிக் கிடக்கிறது. கையில் சொட்டு எண்ணெய் கிடையாது. ஆவுடை தன் பையிலிருந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியை எடுத்து, "இத ஊத்தட்டா?" என்றாள். தேங்காயெண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. ஊற்றினாள். வண்டி வெண்ணெய் மாதிரி மலை ஏறிற்று.

"மறுநா காலையில ஏரிக்கரையில வண்டி நின்னுது. எடுத்தா போவல. ராத்திரிக் குளிர்ல எண்ணெய் உறைஞ்சு போச்சு, அண்ணாச்சி! உள்ள கட்டியாக் கிடக்கு. வாத்தியாரு என்னைய ஏசுத ஏச்சு இருக்கே. அவ ஒரு ஓரமா நின்னு சிரிக்கா. வயித்தப் பிடிச்சுட்டுச் சிரிக்கா. 'மார்கழியில எங்க வீட்டுக் குப்பியும் இப்படித்தான் கிடக்கும்' னு டீக்கடையில போயி வெந்நி வாங்கியாந்து, மேலேருந்து ஊத்துனா. இளகிட்டு. கிளம்பிட்டோம்."

"பெறகு?"

"பெறகு அதுவே வழக்கமாப் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில எண்ணெய் தேச்சுக் குளிப்பா. தலைக்கு வச்சதும் அதே கையோட வந்து வண்டிக்கும் ஒரு கரண்டி. 'ரெண்டுக்கும் ஒரே எண்ணெய், ரெண்டும் உமக்கு ஒழைக்கி' ம்பா. உன்கிட்ட சொன்னா வைவியேன்னுதான் சொல்லல."

"வைஞ்சிருப்பேன்" என்றார் இஞ்ஞாசி.

எழுந்து போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்தார்.

"அது எதுக்கு?"

"கொதிக்க வச்சுக் கழுவ. உள்ள பிடிச்சிருக்கது இந்தப் பிசின்தான். ரெண்டு பக்கமும் இறங்கி இறுகிட்டு."

மாசானம் மளமளவென்று மூடியைத் திருகி மூடினார். கார்புரேட்டரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"கழுவ வேண்டாம். வீட்டுல அவ சேலைய எல்லாம் மக துவச்சு மடிச்சு வச்சிட்டா, ஒண்ணுலயும் அவ வாசனை இல்ல. போட்டோவில எங்க வாசனை வரும்? இத்தன வருசத்துக்கு அப்புறம் இதுல ஒண்ணுலதான் இருக்கு. இதக் கழுவிட்டு நான் எங்க போவேன்?"

"வண்டி?"

மாசானம் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினார்.

"போனாப் போகட்டும்."

"சரி" என்று இஞ்ஞாசி ஸ்டவ்வை அணைத்தார். "துண்டுல நல்லாச் சுத்திக் கொண்டு போ. தூசி விழுந்திராம."

ஒரு வார்த்தை மேலே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாசானம் சண்டை பிடித்திருப்பார், மனசும் ஆறியிருக்கும். அந்த வசதியையும் குரு கொடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியான வெயிலில் மாசானம் திரும்பி வந்தார். கையில் அதே துண்டு. பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே உட்கார்ந்தார். முகம் ஒருமாதிரி இருந்தது.

"அண்ணாச்சி."

"சொல்லு."

"நேத்து வீட்டுக்குப் போனதுலேருந்து திறந்து திறந்து மோந்து பாத்துட்டே இருந்தேன். நல்லா வந்துச்சு. இன்னைக்குக் காலையிலேருந்து ஒண்ணுமே தெரியல. எவ்வளவு இழுத்தாலும் தெரியல. தீந்துட்டோ?"

சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். இஞ்ஞாசி வந்து, அவர் கையில் இருந்தபடியே குனிந்து மோந்தார்.

"இருக்கு. அப்படியேதான் இருக்கு. உனக்கு மூக்கு பழகிட்டு."

"பழகிட்டா?"

"ம்."

மாசானம் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு உப்பு லாரி போனது. அதன் புழுதி அடங்குகிற வரை மாசானம் கார்புரேட்டரைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இப்ப நான் என்ன செய்ய, அண்ணாச்சி?"

"கொடைக்கானல்ல இது உறைஞ்சு கெட்டியானப்போ, வெந்நி யாரு ஊத்துனா?"

"அவதான். நேத்தே சொன்னம்லா."

"அவ ஏன் ஊத்துனா? எண்ணெய் அவளுக்கு உள்ளதுதான?"

மாசானம் எழுந்து உள்ளே போனார். சட்டியைத் தேடி எடுத்தார், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டார், ஸ்டவ்வைப் பற்றவைத்தார். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று.

தண்ணீர் கொதித்து வந்ததும் கார்புரேட்டரின் தலைப்பாகத்தை ஒரு கம்பியில் கோத்து மெதுவாக உள்ளே இறக்கினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரின் மேல் பொட்டுப் பொட்டாக எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. ஆவியோடு அந்த வாசனை பட்டறை முழுக்க எழும்பியது. முன்னைவிட இப்போது பலமாக இருந்தது. பழகிப்போன மூக்குக்கும் தெரிந்தது. மாசானம் சட்டியின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. இஞ்ஞாசி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடு. சூடு ஆறுததுக்குள்ள. கோணிச் சாக்கால பிடிச்சுக்க."

"எடுத்து?"

"இழுக்காத. சும்மா பிடி. அதுவா வரும்."

மாசானம் ஒரு கையில் மூடியையும் ஒரு கையில் பிஸ்டனையும் பிடித்தார். ஐந்து நாளாக மல்லுக்கட்டிய சாமான். லேசாகக் கையைத் திருப்பினார். முழுகி எழுந்தவர்கள் விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிஸ்டன் தானாக நழுவி அவர் உள்ளங்கையில் இறங்கியது. ஊசி வளையாமல் நேராக இருந்தது.

மாசானம் அதைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"வந்துட்டு" என்றார்.

"ஏன், வராதுன்னா நெனச்ச?"

பெட்ரோலில் கழுவி, துணியால் துடைத்து, காற்றில் உலர்த்தி, திரும்பப் பூட்டினார்கள். இஞ்ஞாசி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார், தொடவில்லை. மாசானம் விரலால் பிஸ்டனை மேலே தூக்கி விட்டார். அது அவசரப்படாமல் இறங்கி, அடியில் 'டக்' என்று உட்கார்ந்தது.

"அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அது கேட்டா சரியா இருக்குன்னு அர்த்தம். தொளையில இப்ப மெல்லிசு இன்ஜின் ஆயில் ஊத்து. ஒரு கரண்டி."

மாசானம் ஊற்றினார். சட்டித் தண்ணீரை மட்டும் அவர் சாக்கடையில் கொட்டவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு வேலிப் பூவரசு நின்றது. ஆறவைத்து அதன் தூரில் ஊற்றிவிட்டு வந்தார். இஞ்ஞாசி பார்த்தும் பாராதது போல இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரர் சின்ன லாரியோடு வந்து நின்றார். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது. மாசானம் பானட்டை மூடிவிட்டு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். கரும்புகையாகத் தும்மியது. பழைய இரும்புக்காரர், "இதுக்கு மேல சிரமப்பட வேண்டாம் பெரியவரே" என்று ஆரம்பித்தார். மூன்றாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, பிறகு மூச்சை நிதானப்படுத்தி, அந்தத் தெரு முன்பு தினமும் விடியலில் கேட்டுக்கொண்டிருந்த அதே குரலில் ஓடத் தொடங்கியது.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர், "மாசானம் சவாரிக்குக் கிளம்பிட்டான்" என்று பழைய ஞாபகத்தில் சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே திகைத்துப் போனார். ஈஸ்வரன் ஓடிப்போய் வாசலில் கிடந்த செங்கலையெல்லாம் ஒதுக்கினான். "அப்பா, இங்கன நிறுத்துங்க, இங்கனயே நிக்கட்டும்" என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவனும் அந்த வண்டியின் பின்சீட்டில் தூங்கி வளர்ந்தவன்தானே. பழைய இரும்புக்காரர் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே போனார்.

மாசானம் வண்டியை நேராகப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"ஏறு அண்ணாச்சி."

இஞ்ஞாசி முன்கதவுப் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்னால், இடது பக்கம் காலியாக இருந்தது. மாசானம் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

உப்பளச் சாலையில் வண்டி மெதுவாகப் போயிற்று. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வெயிலுக்கு மின்னிக் கிடந்தது. குவித்து வைத்த உப்பு வெள்ளை வெள்ளையாய். திருச்செந்தூருக்கு, மணப்பாட்டுக்கு, குற்றாலத்துச் சாரலுக்கு என்று மாசானமும் ஆவுடையும் எத்தனை தடவை இப்படிப் போயிருப்பார்கள். சன்னல் வழியாக வருகிற காற்றுக்கு ஆவுடை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். செருகிக்கொண்டே பாடுவாள், பாட்டு பாதியில் நின்றுவிடும், தூங்கியிருப்பாள். மாசானம் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். இஞ்ஞாசி கேட்டுக்கொண்டே வந்தார்.

சாலை கடலைப் பார்க்கத் திரும்புகிற இடத்தில் மாசானம் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நேத்துலேருந்து நெஞ்சுல கிடக்கு."

"கேளு."

"இத்தன வருசமா வண்டியப் பிடிச்சு வச்சிருந்தது அவ ஊத்துன எண்ணெய்தான. அவ அத ஊத்தியிருக்கக் கூடாதோ? அவதான் இதக் கெடுத்துட்டாளோ?"

இஞ்ஞாசி உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீ கடைசியா எப்ப நிறுத்துன?"

"அவ காரியம் முடிஞ்ச அன்னைக்கு."

"அதுக்கு முந்துன நாள் வரைக்கும் ஓடுச்சா?"

"ஓடுச்சு. ஒரு கொறை சொல்ல முடியாது. நல்லா ஓடுச்சு."

"அன்னைக்கு வரைக்கும் அது எண்ணெய்தான்."